‘உங்க கோயில்’ என்று சொன்னவர்

காசம்மாள் எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி எப்போது பேசினாலும் ‘உங்க கோயில்’ என்றுதான் சொல்வார். “உங்க கோயில்ல கரண்டு இல்ல.” “உங்க கோயில் ஜன்னல்ல அணிலு கூடு கட்டிக்கினு இருக்குது.” “உங்க மாதாவுக்குச் சேல மாத்தணும், ஜோஸ்பினக்காகிட்ட சொல்லுங்கோ.” அதே கோயிலில்தான் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அதன் பின்புறமுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் அவருடைய கணவர் அடக்கம் செய்யப்பட்டார். கோயிலின் சாவியும் பல ஆண்டுகளாக அவருடைய இடுப்பில்தான் தொங்கியது. இருந்தும் அவருடைய வாயில் ‘நம்ம’ என்ற சொல் வந்ததில்லை.

தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்த ஊருக்கு நான் குடிவந்த புதிதில் அதை மொழிப்பிழை என்று நினைத்தேன். சில மாதங்கள் கேட்டபின், அது பிழையன்று, ஏதோ பிணக்கு என்று தோன்றியது. ஊரில் மற்றவர்கள் அதற்கு வேறு பொருள் கொண்டிருந்தார்கள். அவர் உண்மையான கிறிஸ்தவர் அல்லர் என்பது அந்தப் பொருள். அதை ஒருவரும் உரக்கச் சொல்வதில்லை. அவர் வரும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் கீழ்மதகு, பாகூர் ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து பாயும் சிற்றூர். நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. சகாய மாதா கோயில், தனக்கென்று குருவானவர் உள்ள தனிப் பங்கு அன்று, கிளைக் கோயில். பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பலி நிறைவேற்ற வருவார். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளிலும் சிலுவைப் பாதைக்கு வருவார். மற்ற நாள்களில் கோயிலைத் திறப்பதும், மணி அடிப்பதும், பெருக்கித் துடைத்துப் பூட்டுவதும் காசம்மாளின் பொறுப்பு.

அவர் பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில். தந்தை சிங்காரவேலு சொந்த நிலத்தில் நெல் பயிரிட்டவர். வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் திரளாக வருவது வழக்கம். அப்படித் தோழிகளுடன் வந்த ஒரு மாலையில், கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த சூசைநாதனைப் பார்த்தாராம். “மேல ஏறி, ‘அலோ அலோ மைக் டெஸ்டிங்’னு என்னப் பாத்துச் சொன்னாரு டீச்சர். மைக்கு கீழ இருக்குது, அவரு மேல இருக்காரு. யார டெஸ்ட் பண்ணாரோ!” என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சூசைநாதன் கீழ்மதகைச் சேர்ந்தவர். திருமணத்துக்குச் சிங்காரவேலு வரவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் வந்தார். திருமணத்துக்கு முன் நடந்த திருமுழுக்கில் காசம்மாளுக்குக் கார்மேல் மேரி என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் கோயில் பதிவோடு நின்றுவிட்டது. கணவர் உட்பட அனைவரும் அவரைக் காசம்மாள் என்றே அழைத்தார்கள்.

கோயிலில் ஒலிபெருக்கியையும் மின்விசிறிகளையும் சூசைநாதன்தான் கவனித்துவந்தார். பீடத்துக்கு வலப்புறம், குருவானவர் பூசை உடுப்பு அணியும் சிறிய அறையின் கதவருகே சுவிட்சுப் பலகை இருக்கிறது. திருப்பலி முழுவதும் அவர் அங்கேயே நிற்பார். அவர் நெஞ்சுவலியால் இறந்த பிறகு அந்த இடத்தில் காசம்மாள் நின்றார். ஒருவரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. நிற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்தபின், விடியலில் நல்லவாட்டுக்குப் போய் மீன் வாங்கிவந்து தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். போகிற வழியில் கோயிலைத் திறந்து மணியடிப்பது அவருக்கு எளிதாக இருந்ததால் சாவியும் அவரிடமே தங்கியது.

மற்றவர்கள் பாய்களில் உட்காருவார்கள், ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக. காசம்மாளுக்குப் பாயில் இடமில்லை. மீன்வாடை அடிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் விற்பதில்லை என்பதையும், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்கு வருகிறார் என்பதையும் அந்தக் காரணம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தேகம் தொடங்கியது, சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று. பங்குத்தந்தை தமிழ்க்குமரன் இளையவர். அப்போது எங்கள் பங்குக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. மறையுரையில் வழக்கமாக நகைச்சுவையாகப் பேசுபவர், அன்று சிரிக்கவில்லை.

“இந்தக் கோயிலில் ஓர் அண்ணன் தன் தம்பிக்குச் சமாதானம் சொல்வதில்லை. ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாத்தனாரும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இங்கே ஒருவருமே சமாதானம் சொல்வதில்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம், புது மணி வாங்கிவிட்டோம். உள்ளே நோய் இருக்கிறதா என்று பார்த்தோமா? வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் நீங்கள் அனைவரும் உட்கார்ந்து உங்களை நீங்களே ஆய்வு செய்யுங்கள். நான் இருக்க மாட்டேன். நான் இருந்தால் எனக்காகப் பேசுவீர்கள்.”

திருப்பலியின் நடுவே, குருவானவர் அழைத்ததும், சுற்றியிருப்பவர்களை நோக்கிக் கைகூப்பித் தலை வணங்குவதுதான் சமாதானம் சொல்வது. அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அண்ணன், பங்குப் பேரவைத் துணைத்தலைவர் சவேரிநாதன். வாய்க்கால் தண்ணீர் முறைக்காகத் தம்பியோடு பேசாமல் இருப்பவர். நாத்தனாரும் அண்ணியும் யார் என்றால், அமிர்தமும் ஜோஸ்பினும். ஜோஸ்பின் மாதா சபைத் தலைவி. அமிர்தத்தின் அண்ணன் மனைவி. அமிர்தத்தின் தாய் படுக்கையில் கிடந்தபோது யார் சரியாகக் கவனித்தார்கள் என்ற வழக்கு, அந்தத் தாய் இறந்த பிறகும் முடியவில்லை. இருவரும் ஒரே பாயின் இரு முனைகளில் உட்காருவார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும்.

மூன்றாமவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி வேறு: ஃபாதரிடம் யார் சொன்னது?

அந்த வாரம் முழுவதும் கீழ்மதகு இயல்பாக இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி அருகில் இருவர் நின்று பேசினால் மூன்றாமவர் குடத்தை இறக்காமலே போனார். சவேரிநாதன் தம் தம்பியைச் சந்தேகித்தார். தம்பி அண்ணன் மனைவியைச் சந்தேகித்தார். ஜோஸ்பின் என் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசிவிட்டு, புறப்படும்போது, “நீங்க ஃபாதர்கூட போன்ல பேசுவீங்களா டீச்சர்?” என்று கேட்டார். ஞாயிறு வாசகங்களைப் பற்றிக் கேட்க எப்போதாவது பேசுவதுண்டு என்றேன். “அதுக்கில்ல, சும்மாதான் கேட்டேன்” என்றார். சும்மா கேட்ட கேள்விக்காக அவர் அந்த வெயிலில் நடந்து வந்திருக்க மாட்டார்.

புதன்கிழமைக்குள் எல்லோருடைய சந்தேகமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. ஞாயிறன்று பங்குத்தந்தை வந்ததும் அவரை முதலில் பார்ப்பவர் காசம்மாள். வெந்நீர் கொடுப்பவரும் அவரே. மேலும், அவர் வாசல்தோறும் மீன் விற்பவர். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. வியாழக்கிழமை அவர் என் வாசலில் கூடையை இறக்கியபோது, கேட்க வேண்டாம் என்று எண்ணியும், “ஃபாதருக்கு நம் ஊர்ச் செய்தியெல்லாம் எப்படித் தெரிகிறதோ?” என்றேன்.

அவர் மீனைத் திருப்பிப் போட்டுச் செவுளைக் காட்டினார். “செவப்பா இருக்குது பாருங்க டீச்சர். இது காலையில புடிச்சது. பழசா இருந்தா நானே சொல்லிடுவேன். எனக்கு ஒளிச்சு வெச்சுப் பேசத் தெரியாது” என்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் பங்குத்தந்தை தம் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். நாங்கள் பாய்களில் உட்கார்ந்தோம். காசம்மாள் வழக்கம்போலச் சுவிட்சுப் பலகையருகே நின்று விசிறிகளைப் போட்டார். சவேரிநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“ஃபாதர் நம்ம ஆன்ம நெலமையப் பத்திப் பேசச் சொன்னாரு. பேசுவோம். ஆனா மொதல்ல ஒன்னு தெரியணும். நம்ம வூட்டு வெவகாரத்த அவுருகிட்ட போயி சொன்னது யாரு?”

 

“சொன்னவங்களே எழுந்திரிச்சிட்டா நல்லது” என்றார் ஜோஸ்பின், பீடத்தின் வலப்புறத்தையே பார்த்தபடி. “சாவி யார் கையில இருக்குதோ, அவங்களுக்குத்தான் ஃபாதருகிட்ட தனியா பேச நேரம் இருக்குது.”

“என்னையா சொல்றீங்கோ?” என்றார் காசம்மாள்.

“நான் பேர் சொன்னனா?”

“சாவி என் இடுப்புலதான தொங்குது. அப்புறம் பேரு எதுக்கு?”

இளைஞர்கள் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். ஜோஸ்பினின் முகம் சிவந்தது. “ஆடி மாசம் உங்க அண்ணன் வூட்டுக்குப் போயி கூழ் குடிச்சிட்டு, நெத்தியில குங்குமத்தோட வந்தியே, அத நாங்க கேட்டமா? பொறுத்துக்கினுதான் இருந்தோம். எப்பப் பாத்தாலும் உங்க கோயிலு, உங்க மாதா. இது உன் கோயில் இல்லன்னா சாவி உனக்கு எதுக்கு?”

“கூழ் குடிச்சா மதம் மாறிடுமா? அப்பக் கலீலுல்லா பாய் கடையில மாசாமாசம் பிரியாணி வாங்கறீங்களே, நீங்க இன்னா மதம்க்கா?”

இந்த முறை பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். ஆனால் சவேரிநாதன் சிரிக்கவில்லை. சாவியைப் பேரவையிடம் ஒப்படைப்பதே முறை என்றார். உண்மை தெரியும்வரை தாமே வைத்திருப்பதாகவும் சொன்னார். காசம்மாள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் சிறிது நேரம் பிடித்தது. அத்தனை பேரும் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அமிர்தம் கேட்டார். அண்ணியை மறுத்துப் பேச வேண்டும் என்பதற்காகவே கேட்டாரோ என்னவோ, நான் அறியேன். “ஏன் காசு, நீ ஏன் உங்க கோயிலுன்னே சொல்ற? எனக்கும் ரொம்ப நாளா கேக்கணும்னுதான்.”

காசம்மாள் சாவியை மேசைமேல் வைத்தார். “நான் வாக்கப்பட்டு வந்த மொத திருவிழா. பூ கட்டிக்கினு இருந்தோம். ‘நம்ம மாதாவுக்கு நம்மூட்டு மல்லி நல்லா இருக்கும்’னு சொன்னேன். ‘நம்ம மாதா இல்லம்மா, எங்க மாதான்னு சொல்லு. நீ நேத்து வந்தவ’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எப்பிடி எங்க மாதான்னு சொல்றது? அது அவங்க சொல்ற வார்த்தையாச்சே. அதான் அன்னியிலருந்து உங்க மாதா.”

தமிழில் ‘நாங்கள்’ என்பது எதிரில் நிற்பவரை வெளியே நிறுத்தும் சொல். ‘நாம்’ என்பது அவரை உள்ளே அழைக்கும் சொல். வகுப்பறையில் பல்லாண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு மனிதரை இத்தனை காலம் வாசலில் நிறுத்திவைக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

“யாரு சொன்னது அப்பிடி?” என்று அதட்டினார் சவேரிநாதன்.

“சொன்னது யாரா இருந்தா இன்னா? சிரிச்சது எல்லாருந்தான்.”

காசம்மாள் போய்விட்டார். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. “நான் அந்த வருசம் காரைக்கால்ல இருந்தேன்” என்றார் ஒருவர். “எனக்கு அப்ப அம்ம போட்டிருந்துது” என்றார் மற்றொருவர். ஜோஸ்பின் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாராம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, தாம் அன்று ஊரிலேயே இல்லை என்று நிறுவினார்கள். அந்த ஆண்டுத் திருவிழாவைக் கொண்டாடியவர்கள் யார் என்பதுதான் விளங்கவில்லை. ஆன்ம ஆய்வு அத்துடன் முடிந்தது.

மறுநாள் விடியலில் மணி ஒலிக்கவில்லை. சவேரிநாதன் விழிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஞாயிறன்று அவரே கோயிலைத் திறந்தார்; விசிறிகளை இயக்கப் போய் ஒலிபெருக்கியை அணைத்தார். வேறு வழியின்றி, திருப்பலி முழுவதும் சுவிட்சுப் பலகையருகிலேயே நின்றார்.

காசம்மாள் வந்தார். வெளுத்த புடவை உடுத்தி, தலையில் முக்காடிட்டு, வாசற்படியில் சிறிது நேரம் நின்றார். அவருடைய கண்கள் சுவிட்சுப் பலகைப் பக்கம் போய்த் திரும்பின. பிறகு பெண்கள் பக்கத்துப் பாய்களைப் பார்த்தார். ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே அப்படி இருந்தவர்களும் உண்டு, கவனிக்காமல் இருந்தவர்களும் உண்டு. நான் முதல் வரிசையில் வாசகம் படிக்கக் காத்திருந்தேன், கையசைத்தேன், அவர் பார்க்கவில்லை. சாவியோடு அவர் நிற்கும் இடமும் போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கோயிலில் அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அவர் வெளியே போய் மணிக்கம்பத்தின் அடியில் நின்று திருப்பலி கண்டார்.

நற்கருணை வாங்க உள்ளே வரவில்லை. இப்படியே இரண்டு ஞாயிறுகள் போனால் அவர் அபிஷேகப்பாக்கத்து அண்ணன் வீட்டுக்கே போய்விடுவார் என்று அமிர்தம் என்னிடம் முணுமுணுத்தார். “போனா, ‘பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்’னு சொல்லுவாங்க டீச்சர்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் பிறகு ஒருவரும் அழைக்காமலே அனைவரும் உட்கார்ந்தோம். காசம்மாள் வந்திருக்கவில்லை. சவேரிநாதன் எழுந்தார். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

“யாரும் சொல்லல” என்றார்.

“இன்னா சொல்லல?” என்றார் ஜோஸ்பின்.

“ஃபாதருகிட்ட யாரும் எதையும் சொல்லல. ஞாயித்துக்கெழம நான் அந்தச் சுவிட்சாண்ட நின்னேன். இத்தினி வருசமா பாயில உக்காந்து முன்னாடி இருக்கறவன் முதுகத்தான் பாத்திருக்கேன். அங்க நின்னா எல்லாரு மூஞ்சியும் தெரியுது. ‘ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்’னு ஃபாதர் சொன்னாரா? என் தம்பி எனக்கு வழக்கமா முதுகக் காட்டுவான், அன்னிக்கி மூஞ்சி தெரிஞ்சிச்சு. நான் இல்லன்னதும் நிம்மதியா நாலு பக்கமும் திரும்பிக் கும்புட்டான். ஜோஸ்பினு இந்தப் பக்கச் சுவத்தக் கும்புடுது. அமிர்தம் அந்தப் பக்கத் தூணக் கும்புடுது. யாரும் போயி சொல்ல வாணாம். வாரா வாரம் நாமளே பீடத்துக்கு முன்னாடி நின்னு காட்டிக்கினு இருக்கோம்.”

எங்கிருந்தோ ஓர் இருமல் கேட்டது.

“அது மட்டும் இல்ல” என்றார் அவர். குரல் தாழ்ந்தது. “நானும் கைய கூப்பினேன். யாருக்குக் கும்புடறது? எல்லாரும் அவங்கவங்க பாயில திரும்பிக்கினாங்க. என் பக்கம் ஒரு ஆளு திரும்பல. கைய கூப்பிக்கினு சும்மா நின்னேன். ஃபாதர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பிக் கும்புட்டாரு. பழக்க தோசத்துல திரும்பினவரு, என்னப் பாத்ததும் முழிச்சாரு. அவுரு வாரா வாரம் யாருக்குக் கும்புட்டாருன்னு அப்பதான் தெரிஞ்சிச்சு. மூணாவது ஆளு யாருன்னு நம்ம யாராவது கேட்டமா?”

அவரை நம்புவதற்கு எல்லோருக்கும் விருப்பமில்லை. “இது ஃபாதர் சொல்லிக் குடுத்துப் பேசறதா?” என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டார். “சந்தேகமா இருந்தா நீ போயி நின்னு பாரு” என்றார் சவேரிநாதன். கேட்டவர் உண்மையிலேயே எழுந்துபோய் நின்றார். அங்கிருந்து எங்களைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு வேறு ஒருவர் போனார். பெண்களில் அமிர்தம் போனார். நானும் போனேன். பல ஆண்டுகளாக எங்கள் அனைவரின் முகங்களையும் பார்த்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், விசிறியைக் கூட்டியும் குறைத்தும் நின்ற ஒருவரையே நாங்கள் கோள் சொல்பவர் என்று முடிவு செய்திருந்தோம். ஜோஸ்பின் கடைசியாகப் போனார். அவர் திரும்பி வர மற்றவர்களைவிடச் சிறிது அதிக நேரமாயிற்று.

சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் கொண்டுபோவது என்பதில் மறுபடியும் சந்தேகம் எழுந்தது. ஜோஸ்பின் போனால் சரியாகப் பேசுவாரோ என்று அமிர்தத்துக்கு ஐயம். அமிர்தம் போனால் தம்மைக் குறை சொல்லிவிட்டு வருவாரோ என்று ஜோஸ்பினுக்கு ஐயம். ஆகவே, ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளாத இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காகச் சேர்ந்து போனார்கள். இருவரையும் கண்காணிக்க என்னை அழைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பிற்பகல். காசம்மாள் வாசலில் குத்துக்காலிட்டு அமர்ந்து மீன்கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழவில்லை.

“மீனு முடிஞ்சி போச்சுக்கா.”

“மீனுக்கு வரல” என்றார் ஜோஸ்பின். வழி நெடுக அவர் மனத்துக்குள் ஒத்திகை பார்த்ததை நான் கவனித்திருந்தேன். “காசம்மா, நாங்க தப்பா நெனச்சிட்டோம். மனசுல வெச்சிக்காத. எங்க கோயில் சாவிய நீதான் வெச்சிருக்கணும்.”

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டார். “எங்க இல்ல அண்ணி, நம்ம! நம்ம! அதுக்குத்தான வந்திருக்கோம்!”

“நம்மன்னுதான் சொல்ல வந்தேன். வாய் தவறிடிச்சி.”

“உனுக்கு வாய் எப்பவும் அந்தப் பக்கந்தான் தவறும்!”

காசம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது முழுவதும் சிரிப்பால் வந்த நீர்தானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாத்தனாரும் அண்ணியும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

“சாவிய வாங்கிக்கறேன்” என்றார் காசம்மாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. “காலையில தொறப்பேன், மணி அடிப்பேன், பெருக்குவேன். ஆனா ஞாயித்துக்கெழம பூசையில சுவிட்சாண்ட நிக்க மாட்டேன். அங்க நின்னு நின்னு எனக்குக் காலும் வலிக்குது, கண்ணும் வலிக்குது. பாயில உக்காருவேன். எடம் குடுப்பீங்களா?”

“குடுக்கறோம்” என்றார் ஜோஸ்பின்.

“எங்க?”

ஜோஸ்பின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு அமிர்தத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மணி உரிய நேரத்தில் ஒலித்தது. சுவிட்சுப் பலகையருகே சவேரிநாதனின் தம்பி நின்றார்; அண்ணன்தான் அவரை நிற்கச் சொன்னாராம். யார் மூலமாகச் சொல்லியனுப்பினார் என்று நான் விசாரிக்கவில்லை. காசம்மாள் உள்ளே வந்து, பெண்கள் பக்கத்துப் பாய்களை ஒருமுறை பார்த்தார். நேராக நடந்து, ஜோஸ்பினுக்கும் அமிர்தத்துக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் உட்கார்ந்தார். இருவரும் சிறிது விலகி இடம் விட்டார்கள். இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கு இடம் கிடைத்ததில் நிம்மதியா, தங்களுக்கு நடுவில் ஒரு சுவர் கிடைத்ததில் நிம்மதியா என்று எனக்குப் புலப்படவில்லை. வாசகம் படித்து முடித்ததும் நான் என் இடத்துக்குப் போகாமல் வாசக மேடையருகிலேயே நின்றுகொண்டேன். பார்க்கத்தான் நின்றேன்.

பங்குத்தந்தை கைகளை விரித்து, “ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்” என்றார்.

முதலில் சிலர் வலப்புறம் திரும்பினார்கள், சுவிட்சுப் பலகைப் பக்கம். அவர்களுள் சவேரிநாதனும் ஒருவர். அவர் தலை குனிந்தது மிகக் குறைவு. ஒரு நெல்மணி உயரம் என்று சொல்லலாம். தம்பி விசிறிச் சுவிட்சைப் பிடித்தபடியே ஒரு கையை நெஞ்சில் வைத்தார். ஜோஸ்பினும் அமிர்தமும் ஒரே நேரத்தில் நடுவே இருந்த காசம்மாளை நோக்கிக் கைகூப்பித் தலை வணங்கினார்கள். அந்தக் கணத்தில் காசம்மாள் சட்டென்று குனிந்து பாயில் எதையோ தேடினார். வணங்கத் தொடங்கியவர்களால் நிறுத்த முடியவில்லை. நாத்தனாரும் அண்ணியும் அவருடைய முதுகுக்கு மேலே ஒருவரையொருவர் வணங்கியபடி, திகைத்து நின்றார்கள். காசம்மாள் நிமிர்ந்து இருவருக்கும் தனித்தனியே கைகூப்பினார்.

திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். எங்கள் பங்கு நலமடைந்துவிட்டது என்று எழுத எனக்குத் துணிவில்லை. அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியருகில், காசம்மாளுக்கு யார் யோசனை சொல்லிக்கொடுத்தார்கள் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. என் பெயரும் அதில் அடிபட்டது. ஆனால், அதற்கு முன்னரே நான் கோயில் வாசலில் அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தேன்.

“காசம்மா, உண்மையைச் சொல். நீ எதற்காகக் குனிந்தாய்?”

“செவுனி கயண்டு வுழுந்துடிச்சி டீச்சர்.”

“என்ன விழுந்தது?”

“காதுல போடற தோடு, அதோட திருகாணி. இதோ பாருங்க.” காதைத் தொட்டுக் காட்டினார். தோடு ஆடாமல் அசையாமல் இருந்தது.

“வேண்டுமென்றே குனிந்தாயா?”

“கோயில்ல வெச்சிப் பொய் சொல்லுவனா டீச்சர்?” என்றார் அவர், கதவை இழுத்துச் சாத்தியபடி.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ‘கோயில்ல’ என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘உங்க’வும் இல்லை, ‘நம்ம’வும் இல்லை. அதைப் பற்றிக் கேட்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவர் பூட்டில் சாவியைத் திருப்பி, இழுத்துப் பார்த்துவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.